கும்பன் கரடியின் தேன் அறக்கட்டளை

செம்பாறைக் காட்டில் கும்பன் என்றொரு கரடி இருந்தான். மலை உச்சியில் இருந்த அவன் குகையில் தேன் நிரம்பிய சுரைக்குடுக்கைகள் கூரைவரை அடுக்கிக் கிடந்தன. அதிலிருந்து ஒரு சொட்டுகூட அவன் யாருக்கும் கொடுத்ததில்லை. இருமலுக்கு மருந்தென்று கேட்டு வந்த முயலுக்குக் குடுக்கையை மோந்து பார்க்க மட்டும் கொடுத்தான். மோந்து முடித்ததும், "போதும் போதும், வாசனை குறைஞ்சுடும்!" என்று பிடுங்கிக்கொண்டான்.

அப்படிப்பட்டவனுக்குக் கடைவாய்ப் பல்லில் வலி வந்தது. கன்னம் பலாக்காய் போல வீங்கிவிட்டது. மரங்கொத்தி வைத்தியர் வந்து பல்லைத் தட்டிப் பார்த்தார்.

"இனிமே தேனைத் தொட்டா மிச்சப் பல்லும் போயிடும்!" என்றார்.

"ஒரே ஒரு சொட்டு?"

"ஒரு சொட்டுக்கு ஒரு பல்லு. உங்க விருப்பம்!"

கும்பன் குகை வாசலில் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். இவ்வளவு தேனை என்ன செய்வது? கெட்டுப் போனாலாவது மனம் ஆறும். தேனோ கெட்டும் தொலையாது. தினமும் அதைப் பார்த்துக்கொண்டு கிழங்கு தின்ன வேண்டியிருந்தது. கடைசியில் அவனுக்கு ஒரு யோசனை தோன்றியது. தின்ன முடியாத தேனைக் கொடுத்துப் பெயராவது வாங்கலாமே!

மறுநாள் காடு முழுக்க ஒரே பேச்சு. கும்பன் தேன் அறக்கட்டளை தொடங்கிவிட்டான்! காட்டு நன்மைக்கு உழைக்கிற இளவட்டங்களுக்குக் குடுக்கை குடுக்கையாகத் தேன் தரப் போகிறான்!

"எந்தக் கும்பன்? நம்ம கும்பனா?" என்று கேட்டது ஒரு மான்.

"பல்வலி தலைக்கு ஏறிடுச்சு போல!" என்றது இன்னொரு மான்.

அறக்கட்டளை என்றால் நிபந்தனைகள் வேண்டும். அவற்றை நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்லழகி என்ற கிளியைக் கும்பன் வேலைக்கு அமர்த்தினான். அவள் ஒருமுறை கேட்டதை ஓர் எழுத்துப் பிசகாமல் ஒப்பிப்பாள். அதற்கு அர்த்தம் என்ன என்று மட்டும் அவளிடம் கேட்கக் கூடாது.

முதலில் வந்தவர்கள் நீர்நாய் இளவட்டங்கள். சுழலி என்பவள் முன்னால் வந்தாள். அவள் தோழர்கள் அவள் வாலுக்குப் பின்னால் ஒளிந்து ஒளிந்து வந்தார்கள்.

அவர்களுக்கு நியாயமான கவலை இருந்தது. அந்தக் காடே குடிக்கும் தண்ணீர் குவளைக் குளத்துத் தண்ணீர்தான். போன மழையில் மலை சரிந்தது. ஓடையிலிருந்து குளத்துக்கு வரும் வாய்க்காலை மண் மூடிவிட்டது. குளம் நாளுக்கு நாள் சுருங்கியது. "அடுத்த மழை வரட்டும், பார்த்துக்கலாம்" என்று பெரியவர்கள் படுத்துவிட்டார்கள். அடுத்த மழை வரும்வரை மீன்கள் எதில் நீந்தும், குட்டிகள் எதைக் குடிக்கும்?

"மாமா, வாய்க்காலைத் தோண்டினா குளம் பிழைச்சுக்கும்" என்றாள் சுழலி. "எங்க கை சின்னக் கை. மண்ணைக் கிளறக் காட்டுப்பன்றிகள் வேணும். வயித்துக்குத் தேன் கிடைச்சா கூட்டத்தோட வர்றதாக் கோரையன் அண்ணன் சொல்லியிருக்கார்."

கும்பனுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. ஆனால் குடுக்கையைத் தூக்கியதும் பழைய கும்பன் உள்ளே விழித்துக்கொண்டான். 'கையில் கொடுத்தால் இதுகள் நாலு நக்கு நக்கிவிட்டு மரத்தடியில் தூங்கிவிடுமே!' அவன் சின்ன வயதில் அதைத்தான் செய்திருப்பான். எல்லோரும் தன்னைப் போலத்தான் என்று அவன் நினைத்தான்.

"தர்றேன், தர்றேன். ஆனா கண்ணை மூடிக்கிட்டுத் தர முடியுமா? சொல்லழகி, நிபந்தனைகளைக் கேட்டுக்கோ!"

அவன் சொல்லச் சொல்லக் கிளி தலையை ஆட்டி ஒப்பித்தாள்.

"தேன், வாய்க்கால் தோண்டும் பன்றிகளுக்கு மட்டுமே. கும்பன் ஐயா வந்து நின்று கைகாட்டும் இடத்தில்தான் தோண்ட வேண்டும். தினமும் உச்சிவேளையில் அனைவரும் மலையேறி வந்து நடந்த வேலையைச் சொல்ல வேண்டும். இறங்கும்போது 'வள்ளல் கும்பன் வாழ்க' என்று உரக்கக் கத்த வேண்டும்!"

"இன்னொண்ணு" என்றான் கும்பன். "எனக்கு ரொம்ப இளகின மனசு. நாளைக்கு நானே வந்து மாத்தச் சொன்னாலும் மாத்தாதே!"

"கும்பன் ஐயாவே வந்து மாற்றச் சொன்னாலும் மாற்றக் கூடாது!"

"கத்தணுமாமே!" என்று தோழன் ஒருவன் சுழலியின் காதில் முனகினான்.

"குளம் நிறையும்னா கத்திட்டுப் போவோம்" என்றாள் சுழலி.

குடுக்கைகள் கீழே வந்தன. குளக்கரை மருதமரத்தில், உயரத்து நுனிக் கிளையில் கும்பன் அவற்றைக் கொடியால் இழுத்துத் தொங்கவிட்டான். கிளியைத் தவிர வேறு யாரும் அங்கே போக முடியாது. பிறகு பழைய வாய்க்காலின் மேல் போய் நின்றான். தொந்தியை உள்ளே இழுத்துக்கொண்டான். கையை நீட்டி, "இங்கே!" என்றான். வேலை தொடங்கியது.

பன்றிகள் மூக்கை மண்ணுக்குள் விட்டுக் கிளறினால் மண் பறக்கும். நீர்நாய்கள் அதை வாலால் தள்ளிக் கரை ஏற்றும். நல்ல வேகம்தான். ஆனால் வேகம் பிடிக்கும் நேரத்தில் உச்சிவேளை வந்துவிடும். எல்லோரும் மலையேற வேண்டும். பன்றிகளுக்கு மலையேற்றம் பழக்கமில்லை. பாதி வழியில் நாக்கு வெளியே வந்துவிடும். இறங்கும்போது வாழ்க சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிவிடும். கீழே வந்து சேரும்போது பொழுது சாய்ந்திருக்கும்.

"தேன் கொடுக்கிறது தோண்டுறதுக்கா, ஏறி இறங்குறதுக்கா?" என்று கோரையன் மூச்சிரைக்கக் கேட்டான்.

"இன்று என்ன வேலை நடந்தது?" என்று கிளி கேட்பாள்.

"மலை ஏறினோம்."

"நேற்று?"

"மலை இறங்கினோம்."

"மிக்க மகிழ்ச்சி!" என்பாள் சொல்லழகி. கேட்டதற்குப் பதில் வந்துவிட்டதல்லவா!

ஒருநாள் கோரையனின் மூக்கு 'டங்' என்று எதிலோ மோதியது. மண்ணுக்கு அடியில் பாறை! யானை படுத்தது போல வாய்க்காலை அடைத்துக்கொண்டு கிடந்தது. சுற்றித் தோண்டினார்கள். பாறை மலைக்குள்ளேயே போய்க்கொண்டிருந்தது.

சுழலி சும்மா உட்காரவில்லை. சரிவெல்லாம் மோப்பம் பிடித்துத் திரிந்தாள். குளத்துக்குச் சற்று மேலே கோரைப்புல் மூடிய ஒரு பள்ளம் இருந்தது. மேலே காய்ந்த புல். காதை வைத்தால் உள்ளே 'குளுகுளு' என்று சத்தம்! ஓடைத் தண்ணீர் அங்கேதான் தேங்கி நின்றது. பள்ளத்துக்கும் குளத்துக்கும் நடுவே ஒரு மண்கரைதான் தடுத்துக்கொண்டிருந்தது. அதை உடைத்தால் போதும்! அவள் ஒரே ஓட்டமாக மலையேறினாள்.

"மாமா, பழைய வாய்க்கால்ல பாறை இருக்கு! கோரைப் பள்ளத்துக் கரையை உடைக்கணும்!"

"பாறையைச் சுத்தித் தோண்டுங்க."

"அது மலைக்குள்ள போகுது மாமா."

"அப்போ பாறையையே தோண்டுங்க!"

"பன்றி மூக்கு என்ன இரும்பா மாமா?"

கும்பனுக்குக் கோபம் வந்தது. "நீ கேட்டது பழைய வாய்க்கால். நான் கொடுத்ததும் பழைய வாய்க்காலுக்கு. இன்னிக்குப் பள்ளம்பே, நாளைக்கு மேடும்பே! நான் கைகாட்டின இடம் காட்டின இடம்தான்!"

"கேட்டப்போ பாறை இருக்கிறது எங்களுக்குத் தெரியாதே! தோண்டினப்புறம்தானே தெரிஞ்சுது?"

அதில் நியாயம் இருப்பது கும்பனுக்குப் புரிந்தது. ஆனாலும் ஒரு நீர்நாய்ப் பெண் சொல்லி மாற்றுவதா? முகத்தைக் குகைப் பக்கம் திருப்பிக்கொண்டான். சுழலி இறங்கி வந்தாள். அன்று அவள் வாழ்க சொல்லவில்லை.

பாறையைத் தோண்டாத பன்றிகளுக்குக் கிளி தேனை அவிழ்க்கவில்லை. பன்றிகள் கிழங்கு தேடிப் போனார்கள். வறண்ட காட்டில் கிழங்கும் அரிதாகிவிட்டது. நீர்நாய்கள் மட்டும் தங்கள் சின்னக் கைகளால் கோரைப் பள்ளத்துக் கரையைச் சுரண்டினார்கள். நகம் தேய்ந்ததே தவிரக் கரை தேயவில்லை. குளம் குட்டையாயிற்று. குட்டை சேறாயிற்று. மான்கள் குட்டிகளை அழைத்துக்கொண்டு, முதலை இருக்கும் ஆற்றுக்குத் தண்ணீர் குடிக்கப் போக ஆரம்பித்தன. குட்டிகளோடு திரும்பி வரும்வரை தாய்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தன.

ஒரு காலையில் கும்பன் கண்விழித்தான். ஏதோ குறைந்தது போல இருந்தது. காதைக் குடைந்து பார்த்தான். குகை வாசலில் எப்போதும் கேட்கும் ரீங்காரம் இல்லை! ஓடிப் போய்ப் பார்த்தான். தேனடைகள் காலியாகத் தொங்கின. கடைசித் தேனீ ஒன்று புறப்பட்டுக்கொண்டிருந்தது.

"எங்கே போறீங்க?" என்று அலறினான்.

"தண்ணி இல்லே. தண்ணி இல்லாததால பூ இல்லே. பூ இல்லாத ஊர்ல எங்களுக்கென்ன வேலை?" தேனீ பறந்துவிட்டது.

கும்பன் காலி அடை ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்தான். பயம் வந்தால் அவனுக்குக் கோபமும் கூடவே வரும். "எல்லாம் அந்த நீர்நாய்ப் பசங்களாலே! ஒழுங்கா வேலை செஞ்சிருந்தா இப்படி ஆகுமா?" என்று கத்திக்கொண்டே மலையை விட்டு இறங்கினான். கிளி தோளில் உட்கார்ந்து வந்தாள்.

கோரைப் பள்ளத்தின் அருகே சுழலியும் தோழர்களும் மண்ணைச் சுரண்டுவதைப் பார்த்தான். "ஓகோ! எனக்குத் தெரியாமத் திருட்டு வேலையா?"

"இதிலே உங்க தேன் ஒரு சொட்டுகூட இல்லே மாமா. இது எங்க கை" என்றாள் சுழலி.

"இங்கே தண்ணியாவது! வெறும் காய்ஞ்ச புல்லு. நான் நடந்தே காட்டறேன் பார்!"

"ஐயோ, கால் வைக்காதீங்க!"

கும்பன் பள்ளத்தின் நடுவே போய் நின்றான். "பார்த்தியா? ஒண்ணும் ஆகலே!" என்றான். அதற்குள் முழங்கால் வரை இறங்கிவிட்டான். "லேசா ஈரம் இருக்கு, அவ்வளவுதான்!" தொடை வரை. "ஈரம் கொஞ்சம் ஜாஸ்தி..." இடுப்பு வரை. "ஏய், யாராவது பிடிங்க!"

கிளி பறந்து, குடுக்கைகள் தொங்கிய மருதமரத்தில் ஏறிக்கொண்டாள். நீர்நாய்கள் கரையில் படுத்துக் கும்பனின் கையைப் பிடித்து இழுத்தார்கள். வழுக்கி வழுக்கி ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். மலை போன்ற கரடி அசைவானா? ஒரு தோழன் ஓடிப் போய்ப் பன்றிகளைக் கூட்டி வந்தான். கோரையன் ஒரு கொடியைக் கும்பனின் அக்குளில் கட்டினான். பன்றிகள் பல்லைக் கடித்து இழுத்தார்கள். இழுத்த இழுப்பில் அவர்கள்தான் மல்லாந்து விழுந்தார்கள்.

"காலு நிக்கமாட்டேங்குது அண்ணே!" என்றான் கோரையன். "வயிறு காஞ்சு கிடக்கு. ஆளுக்கு ஒரு வாய் தேன் உள்ளே போனா தெம்பு வரும்."

"சொல்லழகி! குடுக்கையை அவிழ்த்து விடு! சீக்கிரம்!"

கிளி தொண்டையைச் செருமிக்கொண்டாள். "தேன், வாய்க்கால் தோண்டும் பன்றிகளுக்கு மட்டுமே. கரடி இழுக்கும் பன்றிகளுக்கு அல்ல."

"நான் சொல்றேன், அவிழ்!"

"கும்பன் ஐயாவே வந்து மாற்றச் சொன்னாலும் மாற்றக் கூடாது."

"நான்தான்டி அந்தக் கும்பன்!"

"ஆகையால்தான் மாற்றக் கூடாது!"

சேறு மார்பைத் தொட்டது. கும்பனுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அந்த நிபந்தனைகளை அவன் மலை உச்சியில் இருந்து சொன்னபோது எவ்வளவு அழகாக இருந்தன! கீழே கிடந்து கேட்டபோதுதான் அவை எப்படிக் கடிக்கின்றன என்று தெரிந்தது. தன் தேன் கண்ணெதிரே தொங்குகிறது. தன் உயிரைக் காக்க அதில் ஒரு வாய்கூடக் கிடைக்கவில்லை.

"சுழலி, விட்டுட்டுப் போயிடாதேம்மா!" என்றான் ஈனக்குரலில்.

"போகமாட்டேன் மாமா. கையை மட்டும் ஆட்டாதீங்க, இன்னும் இறங்குவீங்க... இல்லே இல்லே, ஆட்டுங்க! ஒரு கையை நீட்டுங்க!"

"எதுக்கு?"

"நீட்டுங்களேன்!" அவள் மரத்தை நிமிர்ந்து பார்த்தாள். "அக்கா, எந்த இடத்திலே தோண்டணும்?"

"கும்பன் ஐயா வந்து நின்று கைகாட்டும் இடத்தில்" என்றாள் கிளி.

"மாமா வந்தாரா?"

"வந்தார்."

"நிக்கிறாரா?"

கிளி ஒரு கண்ணால் பார்த்தாள். பிறகு மறு கண்ணால் பார்த்தாள். "பாதி நிற்கிறார்."

"கை காட்டறாரா?"

"இங்கே! இங்கே! இங்கேயேதான்!" என்று கும்பன் கையை நீட்டி அலறினான்.

"நிபந்தனை நிறைவேறியது!" என்று கிளி அலகால் முடிச்சை அவிழ்த்தாள். குடுக்கைகள் தொப் தொப்பென்று விழுந்தன. பன்றிகள் ஒரே மூச்சில் உறிஞ்சினார்கள். கோரையனின் காதுகள் விறைத்து நின்றன.

"மாமாவைச் சுத்தித் தோண்டாதீங்க! கீழே கரையை உடைங்க!" என்று சுழலி கத்தினாள்.

நீர்நாய்கள் சுரண்டி வைத்திருந்த இடத்தில் பன்றிகள் மூக்கை விட்டார்கள். ஒரு கிளறு. இரண்டாம் கிளறு. கரை உடைந்தது. சேறு சளசளவென்று ஊற்றியது. அதன் பின்னாலேயே தண்ணீர் பாய்ந்தது. தண்ணீரோடு கும்பனும் வந்தான்! உருண்டான், புரண்டான், கரையில் இருந்த பன்றிகளையும் வாரிக்கொண்டு போய்க் குவளைக் குளத்தில் பொத்தென்று விழுந்தான். சேற்றில் துடித்துக்கொண்டிருந்த மீன்கள் அவன் தலைமேல் துள்ளின. மான்கள் ஓடி வந்தன.

கும்பன் எழுந்திருக்கவில்லை. தண்ணீர் தன் இடுப்பைத் தாண்டி ஏறுவதைப் பார்த்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தான்.

"நீ சொன்ன இடம்தான்" என்றான் மெதுவாக.

"ஆமாம் மாமா. ஆனா முதல்லே நாங்களும் பழைய வாய்க்கால்னுதானே சொன்னோம்? எங்களுக்கும் தோண்டித்தான் தெரிஞ்சுது."

"அப்போ இனிமே என்ன நிபந்தனைதான் போடறது?"

சுழலி முகத்தில் இருந்த சேற்றை வழித்தாள். "என்ன நடக்கணும்னு எங்களைக் கேளுங்க. எப்படிச் செய்யறதுங்கறதை எங்ககிட்ட விடுங்க. வழி மாறினா வந்து சொல்றோம். பார்க்கணும்னு தோணினா நீங்களே இறங்கி வாங்க. பன்றிகளாலே மலை ஏற முடியலே மாமா."

"சத்தியமா முடியலே!" என்றான் கோரையன் தண்ணீருக்குள் இருந்து.

"இன்னொண்ணு. தண்ணி வந்துடுச்சுன்னு குகைக்கு ஓடிடாதீங்க. இந்தக் கரை நிலைச்சு நிக்க இன்னும் எவ்வளவோ வேலை இருக்கு. அடுத்த கோடையிலேயும் நாங்க இங்கேதான் இருப்போம்."

கும்பன் தலையாட்டினான். "சொல்லழகி, பழைய நிபந்தனைகளை மறந்துடு!"

"எனக்கு மறக்கத் தெரியாதே, ஐயா!"

"அப்போ ஒரு கேள்வி கத்துக்கோ. யார் வந்தாலும் 'அப்புறம் என்ன ஆச்சு?'ன்னு கேளு. அது போதும்."

பூக்கள் வந்தன. தேனீக்கள் திரும்பின. அறக்கட்டளைக்குக் கூட்டம் வந்தது. அதில் முதலில் வந்தவர்கள் இளங்குரங்குகள். ஆற்றைக் கடக்கக் கொடிப்பாலம் கட்டப் போகிறோம், கொடி பின்னும் தூக்கணாங்குருவிகளுக்குத் தேன் வேண்டும் என்றார்கள். கும்பன் கொடுத்தான். பாலம் கட்டிய அன்றைக்கே அறுந்தது! அவர்கள் தலைவி வானரி நேராக முதலையின் முதுகில் விழுந்தாள். முதலை திடுக்கிட்டு முழுகியதால் பிழைத்தாள். தலையைக் குனிந்துகொண்டு வந்து நின்றாள்.

கும்பனுக்கு நாக்கு நமநமவென்றது. "இனிமே பாலத்திலே ஒவ்வொருத்தரா..." என்று ஆரம்பித்தேவிட்டான். பிறகு வாயை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டான்.

"அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்டாள் கிளி.

வானரி நிமிர்ந்தாள். "பாறையிலே உரசித்தான் கொடி அறுந்துச்சு. இந்தத் தடவை மரத்திலே கட்டப் போறோம்."

கும்பன் வாயைப் பொத்திய கையை எடுக்காமல், காலாலேயே இன்னொரு குடுக்கையைத் தள்ளிவிட்டான்.

அந்தப் பாலம் அறுபடவில்லை. ஒருநாள் கும்பன் அதைப் பார்க்கப் போனான். குரங்குக் குட்டிகள் ஆட்டம் போட்டபடி அக்கரைக்குப் போய்க்கொண்டிருந்தன. முதலை கீழே வாயைப் பிளந்து வெறுங்காற்றைத் தின்றுகொண்டிருந்தது.

"நல்ல பாலமா இருக்கே! யாரால வந்துச்சு இது?" என்று ஒரு குட்டியிடம் கேட்டான் கும்பன். கேட்டுவிட்டுத் தொந்தியை உள்ளே இழுத்துக்கொண்டான்.

"எங்க அக்கா கட்டினா!" என்றது குட்டி. "நீங்க யாரு?"

கும்பனுக்கு ஒரு நொடி சுருக்கென்றது. பிறகு இழுத்துப் பிடித்த தொந்தி தானாகத் தளர்ந்தது. ஆறே அதிரும்படி சிரித்தான். "நானா? சும்மா வேடிக்கை பார்க்க வந்தவன்டா!" என்று சொல்லிவிட்டு, பாலத்தின் நிழலில் பொழுது சாயும்வரை உட்கார்ந்து வேடிக்கை பார்த்தான்.

உதவியைக் கொடுத்துவிட்டுப் பிடியைத் தன் கையிலேயே வைத்திருப்பவன் எதையும் கொடுக்கவில்லை. பாடுபடுகிறவர்களை நம்பிக் கொடுத்து, அவர்கள் போக்கில் விடுவதுதான் உண்மையான உதவி.